ஏ.எஃப்.டி. மில் இடத்தில் ஐ.டி. பார்க் வந்தால் பாண்டி வளர்ந்துவிடுமா?

9 ஜூலை 2025, உழவர்கரை வாசகர் ஒருவர் கேட்டது

“ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய இடம் முள்செடி முளைத்துக் கிடக்கிறது. மில்லை இடித்துவிட்டு ஒரு ஐ.டி. பார்க் கட்டினால் நம் பிள்ளைகள் ஓ.எம்.ஆர்., பெங்களூர் என்று ஓட வேண்டியதில்லை. இது வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் சொல்லுங்கள் பார்ப்போம். பாட்டன் காலத்துப் பெருமையெல்லாம் வேண்டாம்.”

9 ஜூலை, இரவு

ஒரே காரணம் போதுமா? சேதராப்பட்டு-கரசூர். சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று 2000களின் நடுவில் அங்கே 700 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. ஆடு மாடு வந்தது. இடம் இல்லாததுதான் பாண்டியின் குறை என்றால் கம்பெனிகள் அங்கே வரிசை கட்டி நின்றிருக்க வேண்டும்.

10 ஜூலை

நேற்று எழுதியதில் கொஞ்சம் சூடு ஏறிவிட்டது. நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டிக்கொள்ளலாம். அப்பா ஏ.எஃப்.டி.யில், அதாவது ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் மில்லில், நெசவுப் பிரிவு. நான் வாணரப்பேட்டையில் வளர்ந்தவன். மில் சங்கு கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம், எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கியதே ரொம்பத் தாமதம். இப்போது சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பிழைக்கிறேன்.

மில் 1898-ல் தொடங்கியது. பழசுகள் இன்னும் ‘ரோடியர் மில்’ என்றுதான் சொல்லும். 1980களில் மூடித் திறந்து அரசு கைக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கரையைக் கடந்தபோது கூரை பிய்ந்து இயந்திரங்கள் நனைந்தன. புயலுக்கு முன்பே நஷ்டம்தான், அதை மறைத்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. 2013-லிருந்து லே-ஆஃப். லே-ஆஃப் என்றால் சட்டப்படி பாதிச் சம்பளம். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மொத்தமாக மூடல். பொதுமுடக்கத்தின் நடுவில் என்பதால் வாசலில் போய் நிற்கக்கூட முடியவில்லை. அப்பா அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேள்விக்கு வருகிறேன். இடத்தை என்ன செய்யலாம் என்பது இரண்டாவது கேள்விதான். இந்த ஊர் இத்தனை நாள் எதை வைத்து வளர்ந்தது? அதைப் பார்க்காமல் ‘பார்க்’ கட்டக் கூடாது.

12 ஜூலை

எதை வைத்து வளர்ந்தது? மில்கள் முடங்கிய காலத்திலிருந்து வரியை வைத்து. இதை நான் கணக்கெழுதுபவனாகச் சொல்கிறேன்.

யூனியன் பிரதேசம், பின்தங்கிய பகுதிச் சலுகை, விற்பனை வரி விலக்கு எல்லாம் சேர்ந்து 1990களில் கம்பெனிகளை இங்கே இழுத்தன. எச்.சி.எல்., விப்ரோ கம்ப்யூட்டர்களைப் பூட்டி அனுப்பியது பாண்டியில்தான். இன்றைக்கு அதைச் சொன்னால் காலேஜ் பசங்க சிரிக்கிறார்கள். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்று தொழிற்பேட்டைகள் நிறைந்தன. சலுகைக் காலம் முடிய முடிய ஒவ்வொன்றாகப் பூட்டு.

மிச்சமிருந்த விற்பனை வரி வித்தியாசத்தை ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று துடைத்துவிட்டது. புதுச்சேரியை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்த அறிவிப்பு எப்போது வந்தது தெரியுமா? அதே 2017, ஜூன் 23. பழைய வண்டி நிற்கப்போகிற வாரத்தில்தான் புது வண்டிக்கு மாலை போட்டிருக்கிறோம். அப்போது யாருக்கும் இது உறைக்கவில்லை. எனக்கும்தான். புது மென்பொருளில் பில் போடப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பவை முக்கியமாக இரண்டு: பெட்ரோல், மது. அதனால்தான் கடலூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால் கன்னியக்கோவில் தாண்டி முள்ளோடை வரை ஜன்னலில் தெரிவதெல்லாம் அந்த இரண்டுதான். நம் ஊரின் பொருளாதார வளர்ச்சித் திட்டத்தை யாராவது ஒரே படமாக வரையச் சொன்னால் முள்ளோடை எல்லையைத்தான் வரைவேன்.

13 ஜூலை

ஒருவர் “மும்பையில் மில் இடமெல்லாம் மால் ஆகி, அங்கே வளரவில்லையா?” என்கிறார். நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு உதவாது.

மும்பையில் 1991-ல் ஒரு விதி வந்தது. மில் இடத்தைப் புதிதாகக் கட்ட எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா மைதானத்துக்காக. ஒரு பங்கு பொதுவீட்டுவசதிக்கு. மிச்சம்தான் மில்காரருக்கு. காகிதத்தில் அழகான விதி. 2001-ல் அதற்கு ஒரு திருத்தம்: மூன்றாகப் பங்கு போடுவது மொத்த இடத்தை அல்ல, கட்டடம் இல்லாத காலி மனையை மட்டும். மில் என்பதே கட்டடம்தானே சாமி! ஊருக்கு வந்தது துண்டு துக்காணி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2006-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு.

சென்னையில் பின்னி மில் 1996-ல் மூடியது. பெரம்பூரில் அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி.

நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி (பழைய சவானா) மூன்றுமே இன்று அரசு சொத்து. மில்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு யாருக்கு என்பதை நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதுவோமா என்பது வேறு.

13 ஜூலை, மதியம்

திருத்தம். சவானா என்பது சுதேசி. பாரதி மில்லுக்குப் பழைய பெயர் கெப்ளே. முதலியார்பேட்டை நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. அப்பாவிடம் சொன்னேன், “மில்லுக்குள்ளே காலே வைக்காதவனெல்லாம் எழுதினா இப்படித்தான்” என்றார்.

17 ஜூலை

உழவர்கரைக்காரர் விடவில்லை: “மில் மூடியதால் சுற்றியிருந்த கடைகள் போயின என்பதெல்லாம் கதை. ஆதாரம் இருக்கிறதா?”

ஆதாரம் நானே எதிர்பாராத விதத்தில் கிடைத்தது. புது பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஜூனில் பேருந்துகளை ஏ.எஃப்.டி. திடலுக்கு மாற்றினார்கள். தகரக் கொட்டகை, மழை பெய்தால் சேறு, கழிப்பறை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊரே திட்டியது. ஆனால் மில் வாசல் பக்கம் ஒரு டீக்கடை. 2013-க்குப் பிறகு ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் பாலில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் வந்த மறுமாதம் முப்பது லிட்டர். பக்கத்தில் மூடிக் கிடந்த சைக்கிள் கடை, செல்போன் கவர் கடை ஆனது. எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் காலையில் இட்லி வைத்து உட்கார்ந்தார்கள். திட்ட அறிக்கை எதுவும் இதைச் சொல்லவில்லை, ஒரு ரூபாய் ஒதுக்கீடும் இல்லை. மனிதர்கள் நடந்து போகிற பாதை மாறியது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் பஸ்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. டீக்கடைக்காரர் பத்து லிட்டருக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று. இந்த டீக்கடை எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. புதுச்சேரியில் ஆண்டு விற்றுவரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. பதிவில் இல்லாத கடை, ‘வணிக நிறுவனங்களின் எண்ணிக்கை’ என்கிற கட்டத்தில் எப்படி வரும்? மில் சம்பளம் சுற்றிச் சுழன்றது இந்த மாதிரிக் கடைகளில்தான். சம்பளத் தேதிக்குக் கடன் நோட்டு அடைபடும், மறுநாள் புது வரி தொடங்கும். மாமாவின் மளிகைக் கடை நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயர் எழுத மாட்டார், மில் டோக்கன் எண்தான்.

18 ஜூலை

ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்: “முப்பது லிட்டர், லிட்டருக்குப் பதினான்கு டீ, ஒரு டீ 12 ரூபாய். நாளைக்கு 5,040. வருஷத்துக்குப் பதினெட்டு லட்சத்துச் சொச்சம். வடை, பிஸ்கட்டைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். பதிவு செய்தாரா?”

பஸ் ஸ்டாண்டு இருந்தது ஒரு வருஷத்துக்கும் குறைவு, அதுவும் இரண்டு நிதியாண்டில் விழுகிறது என்று வாதாடலாம். வாதாடுகிறேன். இதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம், டீ தர மாட்டார்.

20 ஜூலை

சிலர் கேட்டதால், நான் போயிருந்த ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றி. எந்தத் துறை, எந்தத் திட்டம், எந்த ஆலோசனை நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. சில வருஷம் முன்பு, ஏ.சி. அரங்கம், தட்டில் முந்திரி பிஸ்கட். திரையில் கம்ப்யூட்டரில் வரைந்த படம்: மரங்கள், சைக்கிள் பாதை, தொப்பி போட்ட வெள்ளைக்கார அம்மா ஒருவர் குழந்தையோடு நடந்து போகிறார். எங்கள் பகுதி அதில் பச்சை நிறம். ‘பசுமைப் பரப்பு’ என்று எழுதியிருந்தது. அங்கே பதினோரு கடைகள் இருக்கின்றன என்றேன். விளக்கம் சொன்ன பையன் நல்லவன், பாவம், குறித்துக்கொண்டான். “அவை தற்காலிகக் கட்டமைப்புகள் சார்” என்றான். நாற்பது வருஷமாக இருக்கிற தையல்கடை தற்காலிகம்.

பெரிய மார்க்கெட் வியாபாரிகள் ஏன் அப்படி முறுக்கிக்கொண்டு நின்றார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மொத்தமாக இடித்துக் கட்டித் தருகிறோம், அதுவரை வேறு இடத்துக்குப் போங்கள் என்றது அரசு. பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்றார்கள் அவர்கள். ஊரில் பாதிப் பேர் அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்றார்கள், நானும் சொன்னேன். மீன்காரம்மாவுக்கு வாடிக்கை என்பது முகம் பார்த்து வருவது. ஆறு மாதம் இடம் மாறினால் முகம் மறந்துபோகும். கட்டடம் திரும்பக் கிடைக்கும், ஆள் கிடைக்காது.

21 ஜூலை

தலைப்பிலிருந்து விலகுகிறேன் என்று புகார். ஒப்புக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் விலகிக்கொள்கிறேன்.

கடற்கரைச் சாலையில் ‘மேரி’ கட்டடம் இருக்கிறதே, அது ஏதோ மேரியம்மா கட்டியது என்று என் கல்லூரி நண்பன் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான். பிரெஞ்சில் அதற்கு நகராட்சி மன்றம் என்று அர்த்தம். 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. சுமார் 15 கோடி ரூபாயில் அதே முகத்தோடு மறுபடி கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். வேலை நேர்த்தி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அதுவும் 38 வருஷம் கழித்து. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை. மன்றக் கட்டடம் இருக்கிறது, மன்றம் இல்லை.

சிரிக்கத்தான் சொன்னேன், ஆனால் விஷயம் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பதினோரு கடை இருக்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? வார்டு கவுன்சிலர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் நிற்கலாம். எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாம், பாண்டியில் எம்.எல்.ஏ.வே கவுன்சிலர் மாதிரித்தான், சாக்கடை அடைத்தாலும் அவர்தான். ஆனால் மில் இடம் ஒரு தொகுதிக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை.

30 ஜூலை

இன்று அதிகம் எழுதப் போவதில்லை. காலையில் கடலூர் சாலை நினைவிடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 1936 இதே நாளில் சவானா மில் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, 12 பேர் செத்தார்கள். மறுவருஷம் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பெயரைச் சொல்லாமல் அப்பா இந்த நாளைக் கடப்பதில்லை.

பெருமை பேச வேண்டாம் என்றுதான் உழவர்கரைக்காரர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சரி, பேசவில்லை. ஒன்று மட்டும்: வாரிசுகள் வந்திருந்தார்கள், அதில் இரண்டு பையன்கள் ஓ.எம்.ஆர். வேலை, லீவு போட்டு வந்திருந்தார்கள்.

2 ஆகஸ்ட்

அந்த இரண்டு பையன்களோடு பேசியதிலிருந்து மனசு கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கிறது. “அண்ணே, நீங்க டீக்கடையைக் காப்பாத்துறீங்க, நாங்க வாரா வாரம் ஈ.சி.ஆர். பஸ்ல தூங்கிட்டு வரோம்” என்றான் ஒருவன். சுருக்கென்று தைத்தது. என் மகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள் திரும்பி வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்?

அதனால் முதல் நாள் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சேதராப்பட்டில் யாரும் வரவில்லை என்பதால் ஊருக்குள்ளும் வர மாட்டார்கள் என்பது சரியான வாதம் இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண் இரவு ஷிஃப்ட் முடித்து சேதராப்பட்டிலிருந்து வீட்டுக்கு வருவதும், ஏ.எஃப்.டி.யிலிருந்து நடந்து வருவதும் ஒன்றா? ரயில் நிலையம் பக்கம், கடைவீதி பக்கம். அலுவலகத்துக்கு ஏற்ற இடம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நான் பயப்படுவது மதிலுக்குத்தான். சென்னையில் பார்த்திருப்பீர்கள்: வாசலில் தடுப்புக் கம்பி, உள்ளே உணவுக்கூடம், உள்ளேயே காபி, கம்பெனி வண்டி உள்ளே போய் உள்ளேயே திரும்பும். வெளியே ஒரு டீ விற்பதில்லை. மில்லுக்கும் மதில் இருந்தது, ஆனால் மூன்று ஷிஃப்ட் ஆளும் மதிலுக்கு வெளியேதான் சாப்பிட்டது.

3 ஆகஸ்ட்

“வெளியேதான் சாப்பிட்டது” தப்பாம். உள்ளே கேன்டீன் இருந்ததாம், அப்பா சொல்கிறார். ஆனால் கேன்டீன் டீயை யாரும் மதித்ததில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

9 ஆகஸ்ட்

“சரி, குறை மட்டும் சொல்லாமல் என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.” எழுதுகிறேன்.

வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய உதவியோடு, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே வீட்டு முகப்புகளை, திண்ணை, தாழ்வாரத்தை மீட்டது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது விருது இல்லை. ஆட்களைக் கிளப்பாமல் வேலை நடந்தது. மொத்தமாக இடித்து மொத்தமாகக் கட்டுவது ஒன்றுதான் வழி என்பவர்களுக்கு ஒரு தெரு நீளத்துக்குப் பதில் இருக்கிறது. அதற்கப்புறம் வாடகை ஏறி, தங்கும் விடுதிகள் பெருகியது வேறு கதை. அதையும் மறைக்கவில்லை.

கடற்கரையும் ஒரு பாடம். 1980களின் கடைசியில் துறைமுக வாய்க்கு அலைத்தடுப்புக் கட்டியபின் வடக்கே மணல் வருவது நின்று, கல் மட்டும்தான் மிஞ்சியது. பல வருஷம் கழித்துத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டைப் போட்டார்கள், மணல் திரும்பியது. மணல் வந்த வாரமே சுண்டல் வந்தது, பட்டம் வந்தது.

மில்லுக்கு என் ஆசை இதுதான். கடலூர் சாலைப் பக்கத்து மதிலை முதலில் எடுங்கள். அந்த ஓரம் முழுக்கச் சின்னக் கடைகளுக்கு, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு முதல் உரிமை கொடுத்து. பின்னால் அலுவலகம் வரட்டும், ஐ.டி.யே வரட்டும். பழைய கொட்டகையில் ஒன்றிரண்டை நிறுத்தி வைத்துப் பழுது பார்த்தால் தொழிற்பயிற்சிக்கு ஆகும். நடுவே மக்கள் குறுக்கே நடந்து போக ஒரு வழி. இதில் பூங்கா எவ்வளவு, வீடு எவ்வளவு என்பதை மும்பைக்காரர்கள் 2001-ல் கோட்டைவிட்டது மாதிரி விடாமல், மொத்தப் பரப்பில் பங்காக முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

9 ஆகஸ்ட், இரவு

“இதற்குப் பணம்?” என்று ஒரே வரியில் ஒருவர். ஸ்மார்ட் சிட்டி திட்டக் காலம் 2025 மார்ச் 31-ஓடு முடிந்தது. நாம் மாநிலம் இல்லாததால், மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கிற நிதிக்குழுப் பங்கீட்டிலும் நமக்கு இடமில்லை. நியாயமான கேள்விதான். மதில் எடுப்பதற்குப் பெரிய பணம் ஆகாது என்பதால்தான் அதை முதலில் எழுதினேன்.

16 ஆகஸ்ட்

உழவர்கரைக்காரர் நேரில் வந்துவிட்டார்! நான் நினைத்த மாதிரி சின்னப் பையன் இல்லை, ரிட்டயர்டு ஆசிரியர். மகன் பெங்களூரில். அந்த டீக்கடையில்தான் உட்கார்ந்தோம். பத்து லிட்டர் கடை என்று நான் எழுதியதைக் கடைக்காரர் யாரோ காட்டிப் படித்திருக்கிறார், ஒன்பதுதான் என்று திருத்தினார். ஜி.எஸ்.டி. பற்றி எழுதியதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

வாதம் தீரவில்லை. ஆனால் அவர் ஒன்று கேட்டார்: “பதினோரு கடை என்கிறாயே, எண்ணினாயா?” நான் அந்தக் கூட்டத்தில் கண்ணில் பட்டதைச் சொன்னேனே தவிர எண்ணவில்லை. ரெண்டு பேரும் எழுந்து நோட்டோடு நடந்தோம். மில் வாசலில் தொடங்கி, மதில் ஓரமாக, ரோட்டின் இரண்டு பக்கமும். தள்ளுவண்டி, இஸ்திரி, பஞ்சர், காலையில் மட்டும் வரும் கீரைக்காரர் எல்லாம் சேர்த்து 43. அவர் கோடு கிழித்தார், நான் எழுதினேன்.

இதை வைத்து ஒரு மனு எழுதி, இரண்டு நகல் எடுத்துத் திங்கள்கிழமை கொடுக்கப் போகிறோம். ஐ.டி. பார்க் வேண்டும் என்ற பத்தியை அவர் எழுதுகிறார், மதில் வேண்டாம் என்ற பத்தி என்னுடையது.

17 ஆகஸ்ட்

44. பூக்காரம்மாவை விட்டுவிட்டோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கட்டுகிறார், அதனால் கண்ணில் படவில்லை.